ரசம் போன கண்ணாடி

ரப்பர் விலை விழுந்து கிடந்த முப்பத்தொன்றாம் வருஷம் அது. காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால் பாதிப் பேருக்கு வேலை இருக்கும், மீதிப் பேர் லயத்து வீடுகளுக்குத் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். மலாக்காப் பக்கம் சுங்கை ரம்பாய் போகும் சாலையிலிருந்து செம்மண் பாதையில் திரும்பினால் எங்கள் தோட்டம். மேட்டின் மேல் துரையின் பங்களா, கீழே வரிசையாக எங்கள் லயங்கள், சுற்றிலும் பால்மரம்.

மாதம் ஒரு தடவை தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தம்புசாமி களத்தில் நின்று வேறு விதமாகப் பெயர் வாசிப்பார். அது ஊருக்குத் திருப்பி அனுப்புகிறவர்களின் பெயர். பெயர் வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு லாரியில் ஏற வேண்டியது, கப்பலில் போய் நாகப்பட்டினத்தில் இறங்க வேண்டியது. சிலர் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அம்மா அப்பா இருந்தவர்கள், காணி நிலம் இருந்தவர்கள்.

எனக்கும் முனியாயிக்கும் அந்தக் கப்பலில் ஏற முடியாது. ஆத்தூர்ப் பக்கம் ஒரே ஊர்தான் இரண்டு பேரும், ஆனால் அவள் ஊருக்குள் பிறந்தவள், நான் சேரியில் பிறந்தவன். அவள் அண்ணன்மார் அரிவாளோடு என்னைத் தேடிய அன்றைக்கு இரண்டு பேரும் ஆள் பிடிக்க வந்த கங்காணியின் கூட்டத்தோடு கலந்து கப்பல் ஏறி வந்துவிட்டோம். வந்து வருஷங்கள் ஆகியும் அவர்கள் மறக்கவில்லை. புதிதாக வந்த ஆள் ஒருவன் அவர்கள் சொல்லியனுப்பியதைக் கொண்டுவந்து சொன்னான். தங்கச்சி திரும்பி வந்தால் ஊர் எல்லை தாண்டவிட மாட்டோம், அவனோடு வந்தால் இரண்டு பேரையும் ஒரே குழியில் என்று. சொல்லிவிட்டு அவன் என் முகத்தைப் பார்க்காமல் பீடி பற்றவைத்துக்கொண்டான்.

அதனால் பெயர் வாசிக்கிற நாளில் முனியாயி களத்துக்கு வரமாட்டாள். நான் திரும்பி வரும்போது லயத்து வாசலில் நின்று என் நடையைப் பார்ப்பாள். நடையிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

முனியாயி பங்களாவில் வேலை செய்தாள். துரையின் மனைவி துரைசாணியம்மா உயிரோடு இருந்த காலத்திலிருந்தே அவள்தான் அங்கே ஆயா. நான் காலையில் பாலுக்காக மரத்தைக் கீறிவிட்டு மத்தியானத்தில் பங்களாவைச் சுற்றிப் புல் வெட்டுவேன். துரைசாணி காய்ச்சலில் கிடந்தபோது முனியாயிதான் பக்கத்தில் இருந்தாள். இறந்த பிறகு பங்களாவுக்குப் பின்னால் மாமரத்தடியில் புதைத்தார்கள். துரை அதன் பிறகு துரைசாணியின் அறைக்குள் போனதேயில்லை. முனியாயி மட்டும் போய் ஜன்னலைத் திறந்து, பெருக்கி, துடைத்துவிட்டு, மறுபடி சாத்திவிட்டு வருவாள்.

அந்த பங்களாவில் இரண்டு சாமான்கள் சீமையிலிருந்து வந்தவை. துரைசாணி கல்யாணமாகி வரும்போது பெட்டியில் அடைத்துக் கப்பலில் கொண்டுவந்தவை. ஒன்று எழுது மேசை. பூட்டியிருந்தால் சாய்வான பெட்டி மாதிரி இருக்கும். மூடியை முன்னால் இறக்கினால் அதுவே எழுதுகிற பலகை. உள்ளே புறாக்கூடு மாதிரிச் சின்னச் சின்ன அறைகள். இன்னொன்று துரைசாணியின் நிலைக்கண்ணாடி மேசை. கொக்குக் கால் மாதிரி மெல்லிய கால்கள், கைக்கடக்கமான இழுப்பறைகள், மேலே இரண்டு குச்சிகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஆடுகிற கண்ணாடி. இழுப்பறையைத் திறந்தால் ஏதோ காய்ந்த பூவின் வாசம் வரும்.

அந்தக் கண்ணாடி ரசம் போனது. ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் புகை படிந்த மாதிரி, முகம் பார்த்தால் ஆள் தண்ணீருக்குள் நிற்பது போலத் தெரியும். துரைசாணி உயிரோடு இருந்தபோதே முனியாயி சொல்லியிருக்கிறாள்.

"அம்மா, ரசம் போன கண்ணாடில மொகம் பாக்கக்கூடாது. மலாக்காவுல புதுசு ஒண்ணு வாங்கி மாட்டச் சொல்லுங்க."

துரைசாணிக்குக் கொஞ்சம் தமிழ் வரும். சிரித்துக்கொண்டே, "எங்க அம்மா மொகம், அவங்க அம்மா மொகம் எல்லாம் இதுல இருக்கு முனியாயி" என்றாளாம்.

அந்தச் சொல் முனியாயி மனதில் அப்படியே தங்கிவிட்டது.

அந்த வருஷம் கம்பெனி துரையையும் சீமைக்குத் திரும்பி வரச் சொல்லிவிட்டது. பங்களாவைப் பூட்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பங்களா பூட்டினால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. அடுத்த முறை பெயர் வாசிக்கும்போது எங்கள் பெயர் வரும் என்று கிராணியே என்னிடம் சொல்லிவிட்டார்.

"நான் என்ன செய்யட்டும் இருளாண்டி. மேலேயிருந்து இத்தனை தலை என்று கேட்கிறார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும்" என்றார்.

ஒருநாள் நான் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது துரை வெளியே வந்தார். எங்கள் துரை நன்றாகவே தமிழ் பேசுவார், ஆனால் ஆண் பெண் வித்தியாசம் அவர் வாயில் நிற்காது. லயத்துப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"இருளாண்டி. முனியாயி எங்க போனான்?"

"உள்ள இருக்குதுங்க தொர."

"கூப்பிடு. ரெண்டு பேர்கிட்டயும் பேசணும்."

அவர் சொன்ன விஷயம் இது. மலாக்காவில் கடலோரமாக ஒரு வக்கீல் துரை இருக்கிறார். பழைய சீமைச் சாமான் சேர்ப்பதுதான் அவருக்குப் பைத்தியம். வீடு நிறைய நாற்காலி, மேசை, கடிகாரம். எழுது மேசையையும் நிலைக்கண்ணாடி மேசையையும் வாங்கிக்கொள்ள அவர் வருகிறார். அந்தச் சாமான்களைத் துடைத்துப் பார்த்துக்கொள்ள அவருக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு ஆள் வேண்டும்.

"நான் ஒங்க பேர் சொன்னேன். அவர் ஞாயித்துக்கெழம வருவான். சாமானையும் பாப்பான், ஒங்களையும் பாப்பான். நல்லா வெச்சிருந்தா கூட்டிப் போவான். கப்பலுக்குப் போக வேணாம்."

முனியாயி கையைக் கூப்பினாள். துரை எழுது மேசையைத் திறந்து காட்டினார். பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய மைக்கறை.

"இத மட்டும் தேய்க்காத. யார் காலத்துலயோ கொட்டின மை. அப்படியே இருக்கணும். வக்கீல் தொரைக்கு அதுதான் புடிக்கும்."

கண்ணாடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அறைக்குள் அவர் வரவும் இல்லை.

அந்த வாரம் முழுவதும் முனியாயி தேய்த்தாள். இழுப்பறையின் பித்தளைப் பிடிகளைப் புளி போட்டு விளக்கினாள். கால்களின் இடுக்கில் இருந்த தூசியைக் கோழி இறகால் எடுத்தாள். மைக்கறையைத் தொடவில்லை. லயத்துக்கு வந்தால் கையெல்லாம் எண்ணெய் வாசம்.

பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா கேலி செய்தாள். "அடியே, ஒம் புருஷன ஒருநா இப்பிடித் தேச்சிருந்தா அவனும் பளபளன்னு இருப்பான்ல."

"அத வாங்க யாரு வரப்போறா" என்றாள் முனியாயி. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கிராணி ஒரு செய்தி சொன்னார். வக்கீல் துரைக்குச் சமீபத்தில்தான் கல்யாணம் ஆகியிருக்கிறதாம், பெண் இப்போதுதான் சீமையிலிருந்து வந்திருக்கிறதாம். நான் சாதாரணமாக அதை வந்து முனியாயியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த துணி நின்றுவிட்டது.

"அப்ப அந்த மேச புதுப்பொண்ணுக்கா?"

"பின்ன வக்கீல் தொரையா உக்காந்து தல சீவப் போறாரு?"

"இந்தாய்யா, வெளையாடாத. புதுசா தாலி கட்டிக்கிட்டு வந்தவ செத்தவங்க மொகம் பாத்த கண்ணாடில, அதுவும் ரசம் போனதுல, மொகம் பாக்கலாமா? நாம கைநீட்டிக் குடுக்கிற சாமான். நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"வெள்ளக்காரங்களுக்கு அதெல்லாம் ஏது."

"மொகம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள்.

பங்களாவில் பெட்டி அடிக்க ஒரு சீனத் தச்சர் வந்திருந்தார். குளிக்கிற அறையில் மாட்டியிருந்த பெரிய கண்ணாடி யாருக்கும் வேண்டாததாகச் சுவரோரம் சாய்ந்திருந்தது. முனியாயி அவரை அறைக்குள் கூட்டிப்போய், அதில் ஒரு துண்டை அறுத்து இதில் மாட்ட முடியுமா என்று கையைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். அவர் மேசையைச் சுற்றிப் பார்த்துத் தலையைச் சொறிந்திருக்கிறார். பிறகு "போலே, போலே", முடியும் என்று மலாயில் சொல்லி, பழையதை நோகாமல் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுப் புதியதை அளந்து அறுத்துப் பூட்டிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஜன்னல் வெளிச்சம் முழுவதும் அந்தக் கண்ணாடியில் இருந்தது. அதில் என் முகத்தை நான் அவ்வளவு தெளிவாக அதுவரை பார்த்ததில்லை. மோவாயில் இருந்த நரை கூடத் தெரிந்தது.

"இப்பதான் மேச மாதிரி இருக்கு" என்றேன். மனதார அப்படித்தான் பட்டது.

"பழசு எங்க?" என்று கேட்டேன்.

"அம்மாகிட்ட குடுத்திட்டேன்."

எனக்கு உடனே புரிந்தது. அவள் ஜனத்தில் ஒரு பெண் இறந்தால் அவள் சீப்பு, கண்ணாடி, மஞ்சள் உரசுகிற கல் எல்லாவற்றையும் குழிக்குள் கூடவே வைப்பார்கள். உடம்பைத் தொட்ட சாமான் பின்னால் தங்கினால் போனவளுக்கு நிம்மதி இல்லை என்று சொல்வார்கள். துரைசாணியைப் புதைத்தபோது பாதிரியார் புத்தகம் வாசித்தார், பெட்டியை இறக்கினார்கள், மண்ணைத் தள்ளினார்கள். ஒன்றும் வைக்கவில்லை.

"அன்னிலேருந்து எனக்கு மனசு அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. வெறுங்கையா அனுப்பிட்டோமேன்னு. அவங்கம்மா மொகம் எல்லாம் அதுலதான் இருக்குதுன்னாங்க. தலமாட்டுல மண்ணத் தோண்டி, கவுத்து வெச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சு மூடிட்டேன்."

நல்ல காரியம் செய்தாய் என்று சொன்னேன். அன்றும் அதற்கு மறுநாளும் நல்ல மழை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வக்கீல் துரையின் கார் வந்தது. ஒல்லியான ஆள், வெள்ளைக் கோட்டு, மூக்கில் கண்ணாடி. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அதனால் கிராணி தம்புசாமியும் வந்திருந்தார். நானும் முனியாயியும் வெளுத்த துணி உடுத்திக் கதவோரம் நின்றோம்.

முதலில் எழுது மேசை. அவர் அதைப் பார்த்த விதத்தை நான் எங்கும் கண்டதில்லை. மாட்டுச் சந்தையில் மாடு பிடிக்கிறவன் பல்லைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு இழுப்பறையையும் வெளியே எடுத்துத் திருப்பிப் பின்புறம் பார்த்தார். மூலைகளை மோந்தார். தரையில் மண்டியிட்டு அடியில் தலையை விட்டார். மைக்கறைக்கு வந்ததும் விரலால் தடவிச் சிரித்தார். ஏதோ கேட்டார்.

"இதை யார் பார்த்துக்கொண்டது என்று கேட்கிறார்" என்றார் கிராணி.

"இந்த முனியாயிதான்" என்றார் எங்கள் துரை.

வக்கீல் துரை அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என் பக்கமும் பார்த்தார். முனியாயியின் முழங்கை என் கையில் இடித்தது. எங்களுக்கு அப்போது பாதிக் கடல் தாண்டிவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு துரைசாணியின் அறை. எங்கள் துரை வாசலோடு நின்றுகொண்டார். வக்கீல் துரை மேசையின் காலைத் தடவினார், பித்தளைப் பிடிகளைப் பார்த்துக் கொஞ்சம் முகம் சுளித்தார். அப்புறம் நிமிர்ந்தார். கண்ணாடியைப் பார்த்ததும் அப்படியே நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து அதன் நுனியைக் கண்ணாடியில் வைத்தார். பென்சிலுக்கும் உள்ளே தெரிகிற பென்சிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை உற்றுப் பார்த்தார். கண்ணாடி எவ்வளவு தடிமன், பழசா புதுசா என்று அதில் தெரிந்துவிடுமாம். விரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டார்.

கிராணி எங்கள் பக்கம் திரும்பினார். "கண்ணாடி எங்கே என்று கேட்கிறார்."

"அதான் இருக்குதேங்க" என்றேன்.

"இது இல்லை. இதில் இருந்த பழைய கண்ணாடி."

முனியாயி ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. ரசம் போனது என்று சொன்னாள். புதுப்பெண்ணுக்கு ஆகாது என்று சொன்னாள். அம்மாவுடைய தலைமாட்டில் வைத்துவிட்டேன் என்று சொன்னாள். கிராணி அதை இங்கிலீஷில் சொல்வதற்கு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கைக்குட்டையை எடுத்தார். ஆனால் எங்கள் துரைக்குத் தமிழே போதுமாயிருந்தது. வாசலில் நின்றவர் அந்த அறைக்குள் வந்தார். வந்து, மெத்தை எடுத்த வெறும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

வக்கீல் துரை கோபத்தில் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கிராணி தரையைப் பார்த்துக்கொண்டே அதைத் தமிழில் சொன்னார்.

"நூற்றைம்பது வருஷம் அந்தக் கண்ணாடி இந்தச் சட்டத்திலேயே இருந்ததாம். ரசம் போனதுதான் அதற்கு அழகாம். அந்தக் கண்ணாடி இல்லாமல் இது பாதி மேசையாம். தமக்கு வேண்டாமாம்." கொஞ்சம் நிறுத்தினார். "இந்தக் காரியம் செய்தவர்களைத் தம் வீட்டு வாசற்படி ஏறவிட மாட்டாராம்."

முனியாயி என்னைப் பார்த்தாள். பெயர் வாசிக்கிற நாளில் என் நடையைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"நல்லதுன்னுதான் செஞ்சேன்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

எங்கள் துரை கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை. வக்கீல் துரையிடம் இங்கிலீஷில் பேசினார். அவர் ஏதோ மறுத்தார். இவர் மறுபடியும் அதையே சொன்னார். அது கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு எங்கள் பக்கம் திரும்பி அவருடைய தமிழில் சொன்னார்.

"கேளு முனியாயி. ரெண்டு மேச, கண்ணாடி, நீங்க ரெண்டு பேர். எல்லாம் ஒண்ணாத்தான் போகும், இல்லேன்னா ஒண்ணும் போகாது. அப்படி நான் சொன்னேன். அவர் சரி சொன்னான். ஆனா கண்ணாடி வேணும். கண்ணாடி எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியும்."

"தோண்டணுங்களா தொர?"

"நான் தோண்டு சொல்ல மாட்டேன். தோண்டாத சொல்லவும் மாட்டேன். எம் பொண்டாட்டிக்கு நீ குடுத்தது. நான் ஒண்ணும் குடுக்கல." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீயே சொல்லு."

வெளியில் யாரோ கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. முனியாயி முந்தானையைத் தோளில் இழுத்துச் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாக நடந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் பின்னால் போனோம்.

மாமரத்தடியில் இலை விழுந்து ஈரமாகக் கிடந்தது. கல்லில் துரைசாணியின் பெயர் வெட்டியிருந்தது. தலைமாட்டில் மண் புதிதாக இருந்ததும் அவள் வைத்த மல்லிகை வாடி ஒட்டியிருந்ததும் தெரிந்தன. நான் ஷெட்டிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தேன்.

"நீ தொடாதய்யா" என்றாள். "வெச்சவ நான்."

மண்வெட்டியை அவளும் வாங்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்தாள். கையை மண்ணில் வைத்தபடி, பங்களாவில் வேலை சொல்லக் கேட்டுக்கொள்கிற குரலில் பேசினாள்.

"அம்மா, குடுத்ததத் திருப்பிக் கேக்கிறேன். கோவிச்சுக்காதீங்க. ஒங்களுக்கு இங்க படுக்க எடம் இருக்கு. எங்களுக்குக் கப்பல் ஏறிப் போனா நிக்கக்கூட எடமில்ல. கொன்னுருவாங்கம்மா."

பிறகு விரல்களால் தோண்டினாள். ஆழமில்லை. அவள் பழைய வெள்ளைச் சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தாள். மழைத் தண்ணீர் இறங்கி அது ஊறிக் கறுத்திருந்தது. பிரித்தபோது துணியோடு ரசமும் செதில் செதிலாக வந்தது. சின்னச் சின்ன வெள்ளித் துளிகள் சேலையில் உருண்டு மண்ணுக்குள் போயின. அவள் கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்தாள். அதற்குப் பின்னால் அவள் உள்ளங்கை ரேகை தெரிந்தது. கண்ணாடியாக இருந்தது. முகம் பார்க்கிற கண்ணாடியாக இல்லை.

எங்கள் துரை கையை நீட்டி வாங்கினார். அதற்குள் பார்த்தார். அந்தப் பக்கம் இருந்த குழிதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"எல்லாம் போச்சு" என்றார்.

"போகல தொர" என்றாள் முனியாயி. அவள் இன்னும் மண்டியிட்டே இருந்தாள். "மொகமெல்லாம் உள்ளயே தங்கிருச்சு. அம்மாவ விட்டு வரல. வெறுங்கண்ணாடிதான் மேல வந்திருக்கு."

கிராணி அதை வக்கீல் துரைக்கு மாற்றிச் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை. வக்கீல் துரை கண்ணாடியை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். ஓரத்தின் சாய்வைக் கட்டைவிரலால் தடவினார். அதில் தண்ணீர் போல ஒரு நெளிவு இருந்தது. அந்த நெளிவு அவருக்குப் பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. கிராணியிடம் இரண்டு சொல் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் தம் கோட்டிலேயே சுற்றிக்கொண்டு பங்களாவுக்கு நடந்தார்.

"பழைய கண்ணாடிதானாம். போதுமாம்" என்றார் கிராணி. "நாளைக்கே லாரி வரும். நீங்களும் அதிலேயே ஏறிக்கொள்ள வேண்டியது."

நான் மண்ணைத் தள்ளப் போனேன். முனியாயி என் கையைப் பிடித்தாள்.

"இருய்யா. தொறந்தத வெறுமையா மூடக்கூடாது."

கொண்டையில் கையை விட்டு அவள் சீப்பை எடுத்தாள். கொம்புச் சீப்பு. ஊரைவிட்டு ஓடி வந்த அன்றைக்கு அவள் தலையில் இருந்த ஒரே சாமான், அவள் அம்மா தலை வாரிவிட்ட சீப்பு. கொண்டை அவிழ்ந்து முடி தோளில் விழுந்தது. சீப்பை அந்தச் சேலைத் துண்டில் வைத்துச் சுற்றிக் குழியில் இறக்கினாள். நான் மண்ணைத் தள்ளினேன். எங்கள் துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூடி முடிகிறவரை நின்றார். பாதிரியார் புத்தகம் வாசித்த அன்றைக்கும் அவர் அப்படித்தான் நின்றார்.

துரை கப்பலேறிப் போனார். அடுத்த முறை தோட்டத்தில் பெயர் வாசித்தபோது குஞ்சம்மாவின் பெயர் வந்ததாகக் கேள்விப்பட்டோம். எங்கள் பெயர் அங்கே இல்லை.

மலாக்காவில் வக்கீல் துரை வீட்டில் அந்த நிலைக்கண்ணாடி மேசையை நடுக்கூடத்தில் வைத்தார்கள். மேசையைச் சுற்றி ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது, யாரும் கிட்டே போகக்கூடாது என்று. அவருடைய புது மனைவி தன் அறையில் பீரோக் கதவில் பதித்த புதுக் கண்ணாடியில்தான் தலை வாரினாள். நாங்கள் இருந்த இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் இந்த மேசை முன்னால் உட்கார்ந்ததில்லை. விருந்துக்கு வருகிறவர்கள் கையில் கிளாசோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள், போவார்கள்.

முதல் தடவை அதைக் கண்டபோது முனியாயி அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "யாருமே மொகம் பாக்கமாட்டாங்களாய்யா இதுல?" என்றாள்.

"பாக்கிறதுக்கு வாங்கல போலிருக்கு."

"அப்ப எதுக்கு நான் மாத்தினேன்" என்றாள்.

சிங்கப்பூருக்கு அனுப்பி ரசம் பூசப் போவதாக வக்கீல் துரை முதலில் சொன்னார். பிறகு, புதிதாகப் பூசினால் பழமை கெட்டுவிடும் என்று அப்படியே மாட்டச் சொல்லிவிட்டார். நெளிவு தெரிய வேண்டும் என்று பின்பலகையையும் எடுத்துவிட்டார். அதனால் அது இரண்டு பக்கமும் துடைக்க வேண்டிய கண்ணாடி ஆயிற்று. கயிற்றைத் தாண்டிப் போக எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் உத்தரவு.

முனியாயி பாசார்க் கடையில் வாங்கிய சீப்பில் தலை வாருகிறாள். வருஷம் ஒரு தடவை பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய் மாமரத்தடியில் மல்லிகை வைத்துவிட்டு வருகிறோம். மற்ற நாட்களில் காலையில் ஜன்னலைத் திறந்ததும் அந்தக் கண்ணாடியைத்தான் முதலில் துடைக்கிறோம். நான் முன்னால் நிற்பேன், அவள் பின்னால் நிற்பாள். கடலில் கப்பல் நின்றால் அவள் தோளுக்கு மேல் தெரியும். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. என் துணி போகிற இடத்துக்கெல்லாம் அவள் துணியும் கூடவே போகும். துடைக்கத் துடைக்க, என் முகம் தெரிய வேண்டிய இடத்தில் அவள் முகம் தெரியும்.